இரட்டிப்புக் கட்டையும் என் பேரனும்



போன வாரம் நான் போட்ட படத்தில் என் மேஜைமேல் முக்கோணம் முக்கோணமாய்க் கோடு போட்ட பலகை ஒன்று இருந்ததைப் பார்த்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், இது என்ன புது விளையாட்டு?" என்றாள் ஒருத்தி. "சித்தி, அது செஸ் போர்டு மாதிரி இல்லையே" என்றான் என் அக்கா மகன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் மட்டும் சரியான கேள்வியைக் கேட்டான்: "பக்கத்தில் 64 என்று எழுதிய பெரிய பகடை இருக்கிறதே, பகடையில் ஆறுக்கு மேல் ஏது டீச்சர்?" சபாஷ். அன்றைக்கும் அவன் கண் கடைசி பெஞ்சில் இருந்தபடியே கரும்பலகையின் மூலையைத்தான் பார்க்கும்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக வரும். அவசரம் உள்ளவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் பேக்கேமன். 2023ல் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன் அல்லவா, லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், அங்கே கற்றுக்கொண்டது. மாப்பிள்ளைக்கு இதில் பைத்தியம். பேரனுக்கு அப்போது பதினைந்து வயது, அவனுக்கு அப்பாவைவிடப் பெரிய பைத்தியம். நம் தாயத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 முக்கோண வீடுகள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடை. நம் காய்களை ஒரு சுற்று நடத்திக் கொண்டுவந்து பலகையை விட்டு முதலில் வெளியே எடுத்தவர் ஜெயித்தார். தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம், வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து நுழைய வேண்டும். இரண்டு காய் சேர்ந்து நின்றால் வெட்ட முடியாது. மலையில் கட்டியதுபோல் பத்திரம். நம் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடியவர்களுக்கு இதெல்லாம் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மகள் ஒருநாள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஈராக்கின் ஊர் என்ற பழைய நகரத்தில் உல்லி என்பவர் தோண்டியெடுத்த விளையாட்டுப் பலகை இருக்கிறது. 4,500 வருடப் பழசு. இருபது கட்டம், சிப்பியும் நீலக்கல்லும் பதித்தது. அதன்முன் நான் அரை மணி நேரம் நின்றேன், மகளுக்குக் கால் வலித்துவிட்டது. பகடை உருட்டிக் காய் நகர்த்துவது மனுஷனுக்கு அவ்வளவு பழைய ஆசை. ஆனால் என் மேஜைமேல் இருக்கிற அந்தப் பெரிய கட்டை மட்டும் நேற்றுப் பிறந்தது. 1920களில் நியூயார்க் கிளப்புகளில்தான் அது வந்தது. கண்டுபிடித்தவர் யாரென்று பெயர் நிற்கவில்லை.

அதை அங்கே டபுளிங் க்யூப் என்பார்கள். நான் இரட்டிப்புக் கட்டை என்று என் வசதிக்குச் சொல்லிக்கொள்கிறேன். அதன் ஆறு பக்கத்தில் 2, 4, 8, 16, 32, 64. இதை உருட்டுவது கிடையாது. ஆட்டத்தின் நடுவில், என் முறை வந்து, பகடை வீசுவதற்கு முன்னால், "இந்த ஆட்டத்துக்கு இரண்டு மடங்கு புள்ளி" என்று எதிராளிக்கு இதை நீட்டலாம். அவர் இரண்டில் ஒன்று செய்யவேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, ஒரு புள்ளி எனக்கு. "சரி" என்றால் கட்டை அவர் பக்கம் போய்விடும், ஆட்டத்தின் மதிப்பு இரண்டு. இனி நாலாக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். தொடக்கத்தில் 64 மேலே தெரியும்படி நடுவில் வைப்பது வழக்கம், கட்டையில் ஒன்று என்ற பக்கமே இல்லாததால். கடைசி பெஞ்சுக்காரனே, பதில் கிடைத்ததா?

நான் கணக்கு டீச்சர் என்பதால் ஒரே ஒரு கணக்கு. எதிராளி கட்டையை நீட்டுகிறார், என் நிலைமை மோசம். எப்போது சரி என்று சொல்லலாம்? இதே நிலைமை நாலு தடவை வருகிறது என்று வையுங்கள். நாலு தடவையும் வேண்டாம் என்றால் நாலு புள்ளி நஷ்டம். நாலு தடவையும் சரி என்று சொல்லி, அதில் ஒன்று மட்டும் ஜெயித்தால் இரண்டு புள்ளி வரவு, மூன்றில் தோற்றால் ஆறு புள்ளி செலவு. கழித்தால் அதே நாலு நஷ்டம். ஆக, நாலில் ஒரு பங்கு ஜெயிக்க வாய்ப்பு இருந்தாலே கட்டையை வாங்கலாம். பாதிக்குப் பாதி இருந்தால்தான் வாங்கவேண்டும் என்று நினைப்பவர்களே அதிகம். மாப்பிள்ளை இதைச் சொன்ன அன்றுதான் எனக்கு இந்த விளையாட்டின்மேல் மரியாதை வந்தது. (உள்ளே இன்னும் நுணுக்கம் உண்டு, அதற்குள் போகவில்லை.)

இன்னொன்று. நான் ஒரு காய்கூட வெளியே எடுக்காத நிலையில் எதிராளி எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டால் அதற்குக் கேமன் என்று பெயர். கட்டையின் மதிப்பு இரண்டு மடங்காகும். கட்டை 2ல் இருந்தால் நாலு புள்ளி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டையில் ஆட்கள் தெரியாமல் தப்புச் செய்கிற விதங்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பகடையை வீசிவிட்டு "ஐயோ, டபுள் சொல்ல மறந்துட்டேன்" என்று கட்டையை நீட்டுவது. எதிராளி பதில் சொல்லும் முன்பே பகடையை உருட்டிவிடுவது. கட்டை எதிராளியிடம் இருக்கும்போது தன்னுடையது என்று நினைத்து டபுள் சொல்வது. 4க்குத் திருப்பவேண்டியதை 8க்குத் திருப்பி வைப்பது. போன ஆட்டத்துக் கட்டையை நடுவில் வைக்க மறந்து அடுத்த ஆட்டத்தை ஆரம்பிப்பது. பெரும்பாலானவற்றை அந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டு சரிசெய்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் முடிந்தது. எந்த ஆட்டத்தில் என்ன விதி என்பது போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும். காயைத் தப்பாக நகர்த்தினால் எதிராளி விரும்பினால் விட்டுவிடலாம் என்று சில இடங்களில், இரண்டு பேரும் கண்டிப்பாகத் திருத்தியாகவேண்டும் என்று சில இடங்களில். சண்டை வந்தால் போட்டி நடத்துபவர் சொல்வதே முடிவு. அவரை அங்கே டைரக்டர் என்கிறார்கள். சினிமா டைரக்டர் இல்லை.

இவற்றில் எல்லாம் மோசமான தப்பு ஒன்று உண்டு. அது கிராஃபோர்ட் ஆட்டத்தில் டபுள் சொல்வது.

அதென்ன கிராஃபோர்ட்? ஜான் கிராஃபோர்ட் என்று ஒரு அமெரிக்கர், பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பெரிய ஆள். 1970ல் ஆஸ்வால்ட் ஜேகபியோடு சேர்ந்து பேக்கேமனுக்கு ஒரு புத்தகம் எழுதியவர். அவர் பெயரில் இந்த விதி. ஏழு புள்ளிப் போட்டி என்று வையுங்கள். ஒருவர் 6, இன்னொருவர் 4. ஆறு எடுத்தவருக்கு ஒரு புள்ளி போதும். நாலு எடுத்தவருக்கு இந்த ஆட்டம் போனால் போட்டியே போச்சு. ஒரு புள்ளியில் தோற்றால் என்ன, எட்டுப் புள்ளியில் தோற்றால் என்ன? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. ஆகவே அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் வேலையாகக் கட்டையை நீட்டுவார், அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. முன்னால் இருப்பவருக்கோ கட்டையால் ஒரு பயனும் இல்லை, அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதானே. பாடுபட்டு முன்னுக்கு வந்தவருக்கு இது அநியாயம் என்பதால், ஒருவர் முதன்முதலாக வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தில் வந்ததும், அடுத்து வரும் ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் கட்டையைத் தொடக்கூடாது. அந்த ஒரு ஆட்டம்தான் கிராஃபோர்ட் ஆட்டம். அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து கட்டை திரும்ப வந்துவிடும். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். முந்தினவனுக்கு ஒரு மூச்சு விட இடம், பிந்தினவனுக்கு அதற்குப் பிறகு முழுச் சுதந்திரம்.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சமூகக் கூடத்தில் போட்டி. இருபது இருபத்தைந்து பேர் இருக்கும். பேரன் முதல் சுற்றில் ஜெயித்து இரண்டாவதற்கு வந்திருந்தான். எதிரே ஒரு பெரியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். காது கேட்கும் கருவி மாட்டியிருந்தார். நல்ல மனுஷர், கை கொடுக்கும்போதே பையனை "சார்" என்று கூப்பிட்டார். நான் பேரனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் நோட்டில் புள்ளிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது, உங்களுக்கே தெரியும்.

முதல்நாளே மாப்பிள்ளை எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார். "அத்தை, பார்க்கறவங்க வாயே திறக்கக் கூடாது. தப்பு நடந்தாலும் காட்டிக் கொடுக்கக் கூடாது. தொண்டையைச் செருமறதுகூடத் தப்பு." விதித்தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. முப்பத்தேழு வருடம் தப்பைக் கண்ட உடனே "ஏய், என்ன அது?" என்று கேட்டுப் பழகிய வாய். பரீட்சை ஹாலில் நடந்த வேகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஏழு புள்ளிப் போட்டி. பெரியவர் 5, பேரன் 4. அந்த ஆட்டத்தில் பெரியவர் கட்டையை நீட்ட, இவன் வேண்டாம் என்றான். 6-4. இருவரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து காய் அடுக்கினார்கள். கட்டையைப் பழக்க தோஷத்தில் நடுவில் வைத்தார்கள். நான் நோட்டில் 6-4 என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தேன்.

நாலைந்து வீச்சு போனது. பேரன் பக்கம் ஆட்டம் நன்றாகத் திரும்பியது. அவன் பகடைக் குவளையைக் கீழே வைத்தான், கட்டையை எடுத்தான், 2 என்று திருப்பி அவர் பக்கம் தள்ளினான். "டபுள்."

எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. பெரியவர் பலகையை ஒரு நிமிடம் பார்த்தார். புள்ளித்தாளைப் பார்க்கவில்லை. கட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பேரன் ஏமாற்றினானா? இல்லை. அவன் முகம் எனக்குத் தெரியும். அவன் இந்த விளையாட்டைப் பாதிக்கு மேல் போனில் கற்றவன். போனில் ஆடும்போது கிராஃபோர்ட் ஆட்டம் வந்தால் அந்த டபுள் பொத்தானே வேலை செய்யாது. மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, பிள்ளை ஞாபகம் வைக்கத் தேவையில்லை. நிஜமான மரக்கட்டைக்கு அந்த அறிவு கிடையாது, யார் தொட்டாலும் நகரும். கால்குலேட்டர் வந்த பிறகு பதினாறாம் வாய்ப்பாடு போனதுபோலத்தான். பெரியவருக்கு டீயும் வயசும்.

நான் நோட்டை மூடினேன். மறுபடி திறந்தேன். வாயைத் திறக்கக் கூடாது. மாப்பிள்ளை பக்கத்து மேஜையில் தன் ஆட்டத்தில் இருந்தார். பிள்ளைகளே, ஒரு டீச்சருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது. தப்பு கண்ணெதிரே நடக்கிறது, செய்கிறவன் என் ரத்தம், நஷ்டப்படுகிறவர் யாரோ ஒரு வயசானவர், எனக்குப் பேச உரிமை இல்லை. பேசினால் விதியை மீறினவள் நான், அதுவும் என் பேரன் ஆட்டத்தில் தலையிட்டவள். பேசாவிட்டால்?

ஆளுக்கு ஆறு வீச்சு போயிருக்கும். பெரியவர் பேரன் வீட்டுக்குள் இரண்டு காயைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த இடத்தை விட்டு ஓடப் பார்த்தார். ஒன்று மாட்டிக்கொண்டது, வெட்டுப்பட்டது. பேரன் கதவைச் சாத்துவதுபோல் வரிசையாய் வீடு கட்டிவிட்டான். இவர் காய் உள்ளே நுழைய முடியாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கேமன் வருகிற வாசனை எனக்கே அடித்தது.

அவனுக்கும் அடித்திருக்கிறது. கேமன் வந்தால் எத்தனை புள்ளி என்று பார்க்கப் புள்ளித்தாளைத் தன் பக்கம் இழுத்தான். நாலும் நாலும் எட்டு, ஏழைத் தாண்டியாச்சு, போட்டி முடிந்தது. அவன் உதடு அந்தக் கணக்கைப் போட்டதை நான் பின்னாலிருந்து கன்னத்தின் அசைவிலேயே பார்த்தேன். அப்புறம் கண் பக்கத்து வரிசைக்குப் போனது. அங்கே 6.

பகடைக் குவளை அவன் கையிலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அவன் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது சிவந்துகொண்டே வந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்திருந்தால் நான் என்ன முகம் காட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவன் திரும்பவில்லை.

"சாரி சார். இது கிராஃபோர்ட்" என்றான்.

பெரியவருக்குக் காதில் விழவில்லை. இவன் புள்ளித்தாளை அவர் பக்கம் திருப்பி விரலால் 6ஐத் தொட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி டைரக்டரைக் கூப்பிட்டார்.

இங்கேதான் சுவாரஸ்யம். பெரியவர் கோபப்படவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவர் வாதம் எனக்கு மிகச் சரியாகப் பட்டது. "கட்டையை எடுத்து அப்புறப்படுத்தினால் மட்டும் சரியாகிவிடாது. கட்டை 2ல் இருக்கிறது, கேமன் வந்தால் போட்டியே போய்விடும் என்ற பயத்தில்தான் நான் பிடித்திருந்த இடத்தை விட்டு ஓடினேன். கட்டை இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்" என்றார். உண்மைதான். கட்டை இல்லாத கிராஃபோர்ட் ஆட்டத்தில் அவர் கேமன் வாங்கினாலும் 6-6, சாதாரணமாகத் தோற்றாலும் 6-5. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். பயப்படவே தேவையில்லாத இடத்தில், இல்லாத ஒரு கட்டை அவரைப் பயமுறுத்தி ஓடவைத்திருக்கிறது. தப்பைத் திருத்தலாம், தப்பை நம்பி எடுத்த முடிவுகளை எப்படித் திருத்துவது?

டைரக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மூன்று கேள்விதான் கேட்டார். யார் முதலில் கவனித்தது, அதற்குப் பிறகு எத்தனை வீச்சு, டபுள் சொன்னபோது இருந்த நிலைமையை இருவரும் ஒரேமாதிரி அடுக்கிக்காட்ட முடியுமா? மூன்றாவது முடியவில்லை. இவன் ஒரு காயை ஒரு வீட்டில் வைத்தான், அவர் வேறு வீட்டில் என்றார். "ஆட்டத்தையே முதலிலிருந்து ஆடலாம்" என்றான் பேரன். பெரியவரும் அந்தம்மாவும் ஒரே நேரத்தில் தலையாட்டி மறுத்தார்கள். கடைசியில் அந்தம்மா சொன்னது: டபுள் செல்லாது, வாங்கினதும் செல்லாது, கட்டையைப் பெட்டியில் போடுங்கள், ஆட்டம் ஒரு புள்ளிக்கு இதே நிலைமையிலிருந்து தொடரட்டும், புள்ளிக் கணக்கைப் பார்ப்பது இருவர் பொறுப்பும்தான். பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தத் தீர்ப்பு முழுசாகச் சரியா என்று கேட்டால், இல்லை. அவர் ஓடியது ஓடியதுதானே. ஆனால் அதைவிடச் சரியான தீர்ப்பு என்னவென்று எனக்கும் தோன்றவில்லை. வேறு போட்டியில் வேறு விதமாகவும் சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால் கட்டையை நடுவில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். இந்த மாதிரித் தப்புக்கு நேரம் ஆக ஆக வட்டி ஏறும்.

ஆட்டத்தை முடித்துவிடுகிறேன். பெரியவர் எப்படியோ நுழைந்து கடைசி நேரத்தில் ஒரு காயை வெளியே எடுத்துவிட்டார், கேமன் இல்லை. பேரனுக்கு ஒரு புள்ளி, 6-5. அடுத்த ஆட்டத்தில் கட்டை திரும்ப வந்தது. பெரியவருக்கு ஆரம்ப வீச்சே 3-1, அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. பேரன் தன் முறை வந்த உடனே, இந்தத் தடவை முறைப்படி, கட்டையை நீட்டினான். அவர் வாங்கினார், அவரே ஜெயித்தார். கை கொடுத்தபோது இவன் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

காரில் வீட்டுக்கு வரும்போது வாக்குவாதம். (மாப்பிள்ளை இதைப் படிப்பார். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.) மாப்பிள்ளை கோபமாக இல்லை, ஆனால் அவர் கட்சி இது: "டபுள் சொன்னது இவன் தப்பு, வாங்கினது அவர் தப்பு. ரெண்டு பேர் தப்பையும் சேர்த்து இவன் ஒருத்தனே ஏன் சுமக்கணும்? அவர் கவனிச்சாரா, கவனிக்கலை. கவனிக்காதவங்க அதுக்கு விலை கொடுக்கறதும் விளையாட்டோட ஒரு பகுதிதானே?" இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எதிராளி நல்ல இடத்தைக் கவனிக்காமல் விட்டால் நாம் எடுத்துச் சொல்வதில்லையே. ஆனால் நான் ஒன்று கேட்டேன். "மாப்பிள்ளை, அவர் ஆட்டத்துல கோட்டைவிட்டா அது அவர் பாடு. இது ஆட்டமே இல்லையே? அந்தக் கட்டை அங்கே இருந்திருக்கவே கூடாது. இல்லாத ஒண்ணை வச்சு எப்படி ஜெயிக்கிறது?" அவர் பதில் சொல்லவில்லை. சிக்னல் விழுந்திருந்தது. மகள் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். பையன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் கணக்குப் போட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எவ்வளவு லாபம்? கேமன் வந்திருந்தால் போட்டியே அவனுடையது, அது பெரிய லாபம். ஆனால் நடந்ததுபோல் சாதாரண வெற்றி என்றால் 6-6. பேசியதால் 6-5. ஒரு புள்ளி போச்சு என்றுதானே எல்லோரும் நினைத்தார்கள்? ஆனால் பாருங்கள், 6-5ல் அடுத்த ஆட்டத்திலேயே அவன் கட்டையை நீட்டுவான், அந்த ஆட்டம் இரண்டு புள்ளிக்கு ஆகிவிடும், ஜெயிக்கிறவருக்குப் போட்டி. 6-6 என்றாலும் ஜெயிக்கிறவருக்குப் போட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே வித்தியாசம், 6-5ல் பெரியவருக்கு ஆரம்பம் பிடிக்கவில்லை என்றால் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 6-6ல் புது ஆட்டம் தொடங்கலாம். அந்தச் சின்னச் சலுகை மட்டும்தான். மறுநாள் மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். ரசித்துப் பார்த்தார். "ஆனா அத்தை, சொல்றப்ப அவனுக்கு இது தெரியாதே" என்றார். தெரியாதுதான். எட்டுப் புள்ளி கையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் அவன் புள்ளித்தாளைத் திருப்பினான்.

என்னிடம் படித்தவர்களுக்கு இது எங்கே போய் இடிக்கும் என்று எனக்குத் தெரியும். பரீட்சைத் தாள் கொடுக்கும் நாள். மார்க் குறைந்திருக்கிறது என்று முப்பது பேர் வருவார்கள். கூட இருக்கிறது என்று வந்தது என் முழுச் சர்வீஸில் கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். அப்படி வந்தவர்களுக்கு நான் மார்க்கைக் குறைத்தேன். சக டீச்சர்கள் சிலர் "உண்மை சொன்ன பிள்ளைக்கு அதை விட்டுக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை. பிள்ளை கேட்க வந்தது சரியான கூட்டல், பரிசு கேட்டு வரவில்லை. குறைத்து எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, வேறு எதுவும் பேசாமல் தாளைக் கொடுப்பேன். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னதும் இல்லை. அப்படிச் செய்தால் அடுத்த பரீட்சையில் கைதட்டுக்காக நாலு பேர் வருவான். (அதில் ஒருத்தி இந்தப் பதிவைக் கண்டிப்பாகப் படிப்பாள். யார் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள்.)

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது பேரன் என் அறைக்கு வந்தான். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சும்மா என் ஜெபமாலையைப் போல அந்தக் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஆச்சி, அன்னிக்கு நீங்க எப்போ பாத்தீங்க?"

"நீ கட்டையைத் தள்ளினப்பவே."

"ஆறு ரோலும் சும்மாவா இருந்தீங்க?"

"பேசக் கூடாதுன்னு உங்க விதி இருக்கே ராசா."

கொஞ்ச நேரம் கட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான். 2, 4, 8.

"நான் சொல்லலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"போட்டி முடிஞ்சதும் உன்கிட்ட நோட்டைக் காட்டியிருப்பேன்."

"அவர்கிட்ட?"

நான் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் காத்திருந்தான், நானும் மடித்ததையே மறுபடி மடித்தேன். பிறகு, "நல்லா யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் "ஆச்சி, யோசிச்சாச்சா?" என்று கேட்கிறான்.

இப்போது அவன் கிளப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் புள்ளியை வாய்விட்டுச் சொல்கிறான், எதிராளி திருப்பிச் சொன்ன பிறகுதான் பகடையை எடுக்கிறான். கிராஃபோர்ட் ஆட்டம் என்றால் கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறான். அந்தப் பெரியவர் வந்தால் அவரே கேட்கிறாராம், "சார், பெட்டியைப் பூட்டியாச்சா?" என்று.

படத்தில் நீங்கள் பார்த்த பலகை அவன் கொடுத்தனுப்பியது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் வந்து ஆடுகிறார்கள். அதில் ஒரு குட்டி கட்டையைச் சாதாரணப் பகடை மாதிரி உருட்டி "அறுபத்துநாலு விழுந்துச்சு" என்று வீட்டைச் சுற்றி ஓடினாள். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். கற்றுக்கொடுக்கிறேன். முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிட்டு வந்தால் முறுக்கும் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்